ஊர் நடுவில் ஒரு ‘மண்டை’

கல்யாணமாகி 1991-ல் புனேயின் புறநகரான கசார்வாடிக்கு வந்து இறங்கியபோது எனக்கு மராத்தியில் ஒரு சொல்கூடத் தெரியாது. மூன்றாம் நாளே மாமியார் என் கையில் இரண்டு பைகளைக் கொடுத்து, லோக்கல் ரயிலில் ஏற்றி, சிவாஜிநகரில் இறக்கி, பஸ் பிடித்து புனேயின் பெரிய காய்கறிச் சந்தைக்குக் கூட்டிப்போனார். இடுப்பு உயரக் கல்மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, “காய் பாஹிஜே, தாயி?” என்றார். அட, காய் வேணுமா என்று நம்ம பாஷையிலேயே கேட்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். “ஆமா, காய்தான் வேணும்” என்று தமிழிலேயே பதில் சொன்னேன். மாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மராத்தியில் ‘காய்’ என்றால் ‘என்ன’. ‘தாயி’ என்றால் அக்கா. “என்ன வேணும், அக்கா?” அவ்வளவுதான் அந்த அம்மாள் கேட்டது.

அந்தச் சந்தைக்குப் பெயர் மண்டயி. எங்கள் வீட்டில் அது தேய்ந்து ‘மண்டை’ ஆகிவிட்டது. “மண்டைக்குப் போயிட்டு வந்தேன்மா” என்று போனில் சொன்னால் திருச்சியில் அம்மா, “நல்ல வார்த்தையே வராதாடி உன் வாயில்” என்பாள்.

இதை இப்போது எழுதக் காரணம் திருச்சிதான். நான் பாலக்கரைப் பெண். காந்தி மார்க்கெட்டுக்கு அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போய், திரும்பும்போது வாழை இலைக் கட்டுக்கு இடம் விட்டு நடந்து வந்தவள். அந்த மார்க்கெட்டை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு வருடத்துக்கு ஒருமுறை கிளம்புகிறது, அடங்குகிறது, மறுபடி கிளம்புகிறது. முப்பது வருடத்துக்கு மேலாக இன்னொரு ஊரின் சந்தையில் கறிகாய் வாங்கியவள் என்ற ஒரே தகுதியில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் மண்டயியின் கதையைச் சொல்ல வேண்டும்.

இப்போது கசார்வாடியில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் மண்டயியில் இறங்கலாம். 2022 மார்ச்சில் புகேவாடி வரை ஓடிய ரயில், 2023 ஆகஸ்டில் சிவில் கோர்ட் வரை நீண்டு, 2024 செப்டம்பர் 29-ல் சுவார்கேட் வரை முழுமையானது. ரேஞ்ச் ஹில்ஸ் தாண்டியதும் பூமிக்குள் இறங்குகிறது. முட்டா ஆற்றுக்கு அடியில் நுழைந்து, கஸ்பா பேட்டையைத் தாண்டினால் அடுத்தது மண்டயி. நகரும் படிக்கட்டில் ஏறி வெளிச்சத்துக்கு வந்தால், கருங்கல்லில் கூரிய வளைவுகளோடு, நடுவே எண்கோணக் கோபுரமும் அதிலிருந்து பிரியும் ஓட்டுக்கூரைப் பகுதிகளுமாக ஒரு கட்டடம். முதலில் பார்ப்பவர்கள் மாதாகோயில் என்றே நினைப்பார்கள். உள்ளே போனால் வெந்தயக்கீரை வாசனை.

இந்த இடத்துக்குச் சந்தை வந்தது 1886-ல். அதற்கு முன்னால் காய்கறி விற்றது சனிவார்வாடாவின் வாசலில், வெட்டவெளியில். சனிவார்வாடா என்றால் பேஷ்வாக்களின் அரண்மனை. 1730 ஜனவரியில் முதலாம் பாஜிராவ் அடிக்கல் நாட்டி, இரண்டே வருடத்தில் குடிபுகுந்தார். டெல்லி இருக்கும் வடக்குத் திசையைப் பார்த்துப் பெரிய வாசல் வைத்து, அதற்கு டெல்லி தர்வாஜா என்று பெயரும் வைத்தார். யானை முட்டித் திறக்காதபடி கதவெல்லாம் இரும்புக் கூர்முனைகள். 1818-ல் பேஷ்வா ஆட்சியே முடிந்தது. பத்தாவது வருடம், 1828 பிப்ரவரியில் உள்ளே தீப்பிடித்து ஒரு வாரம் எரிந்தது. மதிலும் வாசல்களும் அடித்தளங்களும் மிஞ்சின. யானைக்கு அஞ்சாத அந்தக் கதவுக்கு எதிரில்தான் புனேக்காரர்கள் பிறகு கத்தரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் தரையில் சாக்கு விரித்து நடந்த சந்தைக்குக் கூரை போட்டுக் கட்டடம் கட்டலாம் என்று நகராட்சி முடிவு செய்தது 1880-களில்.

அந்த நகராட்சியில் அப்போது உறுப்பினராக இருந்தவர்களில் ஒருவர் ஜோதிராவ் பூலே. 1848-லேயே மனைவி சாவித்திரிபாயோடு சேர்ந்து பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். அவர் சந்தைக் கட்டடத்துக்கு இவ்வளவு செலவு வேண்டாம், அந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துங்கள் என்றார். வைஸ்ராய் லிட்டன் புனேக்கு வந்தபோது வரவேற்புக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கியதையும் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் அவர். குடும்பத் தொழில் பூ வியாபாரம், அதனால்தான் பூலே என்ற பெயர். அவரே கட்டட ஒப்பந்த வேலையும் பார்த்தவர். ஆகவே கட்டடத்துக்கு என்ன செலவாகும், அதில் என்ன தேவை, என்ன பகட்டு என்பதெல்லாம் தெரிந்துதான் எதிர்த்திருப்பார். அவர் பேச்சு எடுபடவில்லை. வால்டர் டூகட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் வரைபடம் போட, வாசுதேவ் கானிட்கர் கட்டி முடித்தார். பம்பாய் கவர்னராக இருந்த ரே பிரபுவின் பெயரால் ‘ரே மார்க்கெட்’ ஆனது.

பூலே 1890-ல் இறந்தார். ஐம்பது வருடம் அந்த வெள்ளைக்காரப் பெயர் ஓடியது. 1938-ல் நகராட்சி உறுப்பினராக இருந்த ஆச்சார்ய அத்ரே, அந்தப் பெயரை எடுத்துவிட்டு ‘மகாத்மா பூலே மண்டயி’ என்று வைக்கவைத்தார். நாடகக்காரர், பத்திரிகைக்காரர், நக்கலுக்குப் பேர்போனவர். பிற்பாடு ‘மகாத்மா பூலே’ என்று படமே எடுத்தவர். எந்தக் கட்டடம் வேண்டாம் என்று அந்த மனிதர் சொன்னாரோ அதற்கே அவர் பெயர்! அத்ரே இதைத் தெரிந்து வைத்த குறும்பா, பாவநிவர்த்தியா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். குறும்பு என்றே நினைக்க ஆசை.

இதில் ஒரு சின்னக் குழப்பம்: பம்பாயில் இருக்கும் பழைய கிராஃபர்ட் மார்க்கெட்டுக்கும் இப்போது அதிகாரப்பூர்வப் பெயர் மகாத்மா ஜோதிபா பூலே மண்டயிதான். அது 1869-ல் கட்டியது, கதையே வேறு. கூகுளில் தேடிப் படம் அனுப்பும் உறவினர்கள் பத்தில் ஏழு பேர் அந்தப் படத்தைத்தான் அனுப்புகிறார்கள்.

பூலே பெயர் வருவதற்கு முன்பே மண்டயி வாசலுக்குத் திலகர் வந்துவிட்டார், சிலையாக. 1924-ல் மோதிலால் நேரு திறந்துவைத்த சிலை. ஒவ்வொரு வருடமும் அனந்த சதுர்த்தசி அன்று கணபதி ஊர்வலம் இந்தச் சிலைக்கு முன்னாலிருந்துதான் புறப்படும். முதலில் கஸ்பா கணபதி, அடுத்து தாம்ப்டி ஜோகேஸ்வரி, குருஜி தாலிம், துளசிபாக், கேசரிவாடா என்று வரிசை மாறாமல் போக, மற்ற நூற்றுக்கணக்கான பிள்ளையார்கள் பின்னால் வருவார்கள். ஒரு நாளுக்கு மேலே நீளும். மண்டயிக்காரர்களுக்கென்றே ஒரு பிள்ளையார் உண்டு, சாரதா கஜானன். பக்கத்தில் சாரதையை உட்காரவைத்துக்கொண்டு சாய்ந்த வாக்கில் இருப்பார். பிரம்மச்சாரிப் பிள்ளையாரையே பார்த்து வளர்ந்த உச்சிப்பிள்ளையார் ஊர்க்காரிக்கு முதலில் கொஞ்சம் தூக்கிவாரித்தான் போட்டது.

காலை பதினோரு மணிக்கு வியாபாரம் மந்தமான பிறகு போய்ப் பாருங்கள். சிலையைச் சுற்றி, டீக்கடைப் பெஞ்சில், மேடையோரத்தில் ஆட்கள் உட்கார்ந்து ஊர் அரசியலைக் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருப்பார்கள். இதற்குப் புனேயில் ‘மண்டயி வித்யாபீடம்’ என்று பெயர். பல்கலைக்கழகம்! படித்தவர்கள் கேலியாகச் சொல்வார்கள். ஆனால் வித்யாபீடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் யாரும் இங்கே தேர்தலுக்கு நிற்பதில்லை.

போன வருடம் என் மகள் கிரேக்க நாட்டுக்குச் சுற்றுலா போனாள். நாஃப்பிலியோ என்ற ஊரின் நடுச் சதுக்கத்தில் நின்று வீடியோவில் பேசினாள். பளிங்கு மாதிரி வழவழவென்று கல்தரை. ஒரு பக்கம் வெனிஸ்காரர்கள் 1713-ல் கட்டிய சரக்குக் கிடங்கு, இப்போது அருங்காட்சியகம். துருக்கியர் காலத்து மசூதி ஒன்று பிற்காலத்தில் சினிமாக் கொட்டகை ஆகியிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு மசூதி, விடுதலைப் போர்க் காலத்தில் அந்த நாட்டின் முதல் நாடாளுமன்றம் கூடிய இடம். 1834-ல் தலைநகரை ஏதென்ஸுக்கு மாற்றும்வரை அந்தச் சின்ன ஊர்தான் தலைநகரம். அந்தச் சதுக்கத்துக்கு ‘அரசியலமைப்புச் சதுக்கம்’ என்று பெயர். அழகாகத்தான் இருந்தது. “காய்கறி எங்கடி விக்கிறாங்க?” என்று கேட்டேன். கேமராவைச் சுற்றிக் காட்டினாள். சதுக்கம் முழுக்கக் காபிக்கடை நாற்காலி. “இங்க அதெல்லாம் இல்லம்மா” என்றாள்.

அதே கிரேக்கர்கள்தான் பழைய காலத்தில் சந்தைக்கும் ஊர்ச்சபைக்கும் ஒரே சொல் வைத்திருந்தார்கள்: அகோரா. இன்றைக்கும் சந்தையைக் குறிக்கும் சொல் அங்கே அதுதான். சாக்ரடீஸ் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டதும் ஏதென்ஸின் அகோராவில்தான். அவர் மண்டயி வித்யாபீடத்துக்கு வந்திருந்தால் நம்ம தக்காளிக்கார அம்மாள் ஐந்து நிமிடம் கொடுத்திருப்பார். அதற்கு மேல், “வாங்கறதா இருந்தா நில்லு, இல்லன்னா வழிய விடு.”

புனேயில் பழைய கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் கதி என்ன ஆனது என்று பார்த்தால் மண்டயியின் அருமை புரியும். சிவாஜி சிறுவனாக வளர்ந்த லால் மஹால் அடையாளம் தெரியாமல் அழிந்தது. இப்போது நிற்பது 1980-களில் மாநகராட்சி புதிதாகக் கட்டியது. மண்டயியிலிருந்து சிறு நடை தூரத்தில் புதவார் பேட்டையில் பிடே வாடா இருந்தது. பூலே தம்பதி 1848-ல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய வீடு. பல வருடம் ஓட்டை விழுந்து, தூண் சாய்ந்து, கீழே கடைகளோடு பரிதாபமாக நின்றது. நான் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மேலே நிமிர்ந்து பார்ப்பேன், இன்று விழுமோ நாளை விழுமோ என்று. நீதிமன்ற வழக்கெல்லாம் முடிந்து, 2023 டிசம்பரில் ஒரே இரவில் இடித்தார்கள். எதற்கு? பிடே வாடாவுக்கு நினைவுச் சின்னம் கட்டுவதற்கு. பூலே வேண்டாம் என்ற கட்டடம் அவர் பெயரோடு நிற்கிறது. அவர் பாடம் நடத்திய வீடு இல்லை.

மண்டயி ஏன் தப்பியது? கல் கெட்டி, சட்டம் இருக்கிறது, பாரம்பரியக் கட்டடப் பட்டியல் இருக்கிறது என்பார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. தினமும் காலையில் யாரோ ஒரு அம்மாள் அந்த மேடையைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக் கொத்தமல்லி அடுக்குகிறாள். ஓடு உடைந்தால் மழை அவள் தலையில் ஒழுகும், அவள் சண்டை போடுவாள். சண்டை போட ஆள் இருக்கிற கட்டடத்தை அவ்வளவு சுலபமாக யாரும் மறந்துவிட முடியாது. இதே கட்டடத்தில் ரே பிரபு பெயரில் ஒரு அருங்காட்சியகமும் இருந்தது. அது கோலே சாலைக்குக் குடிபோய்விட்டது. மண்டயிக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. காய்கறி குடிபோயிருந்தால் தெரிந்திருக்கும்.

சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மூர் மார்க்கெட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1900-ல் திறந்த சிவப்புச் செங்கல் கட்டடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளிக்கூண்டு என்று கிடைக்காதது இல்லை. அந்த இடம் ரயில்வேக்கு வேண்டும் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, 1985 மே மாதம் ஒரு நாள் எரிந்தது. அங்கே புறநகர் ரயில் நிலையம் எழும்பியது. பக்கத்தில் அந்தக் கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள், சொப்புச் சாமான் போல. என் மாமனார் ஒரே ஒருமுறை அங்கே பழைய மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் புத்தகம் வாங்கியிருக்கிறார். ரயிலில் சென்ட்ரலைத் தாண்டும்போதெல்லாம் அதைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததில்லை.

சொப்பு என்றதும் துளசிபாக் ஞாபகம் வருகிறது. மண்டயியை ஒட்டியே நாரோ அப்பாஜி கட்டிய ராமர் கோயில், அதைச் சுற்றி வளையல், பொட்டு, பித்தளைச் சொப்பு விற்கும் கடைகள். மராத்தியில் சொப்பு விளையாட்டுக்கு ‘பாதுக்லி’ என்பார்கள். என் மகளின் பாதுக்லியில் செம்புக் குடம், அரிவாள்மணை, அம்மி எல்லாம் உண்டு. அதை விற்றவர் என் ஊர்ப் பெயரைக் கேட்டதும், “எங்க ஜாதிப் பேர்ல இருக்கற ஊர்” என்றார். ‘காசார்’ என்றால் பித்தளைப் பாத்திரமும் வளையலும் விற்பவர்கள். நம் தமிழ் வாயில் கசார்வாடி ஆனாலும் மராத்திக்காரர்கள் நீட்டி ‘காசார்வாடி’ என்றுதான் சொல்வார்கள்.

கசார்வாடிக்கு வருகிறேன். இங்கே சதுக்கம் கிடையாது. ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், ஒரு பக்கம் பழைய பம்பாய்-புனே நெடுஞ்சாலை, சாலை நெடுகத் தொழிற்சாலைகள். நாசிக் சாலை பிரியும் இடம் நாசிக் பாட்டா. ‘பாட்டா’ என்றால் சாலை பிரியும் இடம் என்றுதான் பொருள். ஊர் கூடும் இடம் என்ற பொருள் அதில் இல்லை. அங்கே இரண்டு அடுக்கு மேம்பாலம், அதற்கு ஜே.ஆர்.டி. டாடா பெயர். பக்கத்தில் மெட்ரோ ஓடும் பாலம் வேறு. கசார்வாடி அடங்கிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் 1970-ல் நகராட்சி ஆகி, 1982-ல் மாநகராட்சி ஆன ஊர். தொழிற்சாலைகள் முதலில் வந்தன, வேலைக்கு நாங்கள் வந்தோம். ஊருக்கு நடு எது என்று யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. மேம்பாலத்துக்கு அடியில் தள்ளுவண்டிக்காரர்கள் நிற்பார்கள். “அதிக்ரமண் வண்டி வருது” என்று யாராவது குரல் கொடுத்தால், ஆக்கிரமிப்பு அகற்றும் அந்த லாரிக்குப் பயந்து நொடியில் எல்லோரும் சந்துக்குள் ஓடுவார்கள். நிறுத்துக்கொண்டிருந்த வெண்டைக்காய் பாதி என் பையிலும் பாதி அவர்கள் தராசிலுமாகப் போன நாட்கள் உண்டு. மறுநாள் தேடி வந்து மீதியைக் கொடுத்தவரும் உண்டு. அதனால்தான், வாசலுக்கே காய் வரும் இந்தக் காலத்திலும், வாரம் ஒருமுறை பையை எடுத்துக்கொண்டு மண்டயிக்கு ரயில் ஏறுகிறேன். சின்ன வெங்காயமும் வாழைப்பூவும் வாங்க என்பது வீட்டில் சொல்லும் காரணம்.

இனி திருச்சி. காந்தி மார்க்கெட் 1868-ல் தொடங்கியது. நகராட்சித் தலைவர் ரத்தினவேல் தேவர் காலத்தில், 1920-களில் விரிவடைந்தது. வாசலில் முதல் உலகப் போருக்குப் போய் மடிந்தவர்களின் நினைவுச் சின்னம். நெரிசல் உண்மை. விடிகாலையில் லாரிகள் நுழையும்போது ஆம்புலன்ஸ்கூடத் திரும்ப முடியாது. அதை யாரும் மறுக்கவில்லை. 2017-ல் மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் புது வளாகம் திறந்தார்கள். வியாபாரிகள் போக மாட்டோம் என்றார்கள், போகவுமில்லை. இப்போது பஞ்சப்பூர் என்கிறார்கள்.

புனேயிலும் இந்தச் சண்டையெல்லாம் நடந்ததுதான். மொத்த வியாபாரம் குல்டேக்டியில் இருக்கும் மார்க்கெட் யார்டுக்குப் போயிற்று. லாரியும் மூட்டையும் ஏலமும் அங்கே. சில்லறை வியாபாரம் மண்டயியிலேயே இருந்தது. மெட்ரோ வந்தபோது அதன் நிலையத்தைப் பூமிக்கு அடியில் தோண்டினார்கள், மேலே வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. தோண்டிய வருடங்களில் தூசி, தடுப்புத் தகரம், சுற்றிச் சுற்றிப் போகும் வழி என்று நாங்கள் பட்டபாடு கொஞ்சமில்லை. பட்டதற்குப் பலன் உண்டு. இன்று புறநகரில் இருக்கும் என்னைப் போன்றவள் அந்தக் கல்மேடைக்கு முன்னால் அரை மணி நேரத்தில் போய் நிற்கிறாள்.

திருச்சியை நிர்வகிப்பவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். லாரிகளைப் பஞ்சப்பூருக்கு அனுப்புங்கள், தாராளமாக. கிலோ கணக்கிலும் கூறு கணக்கிலும் விற்பவர்களை காந்தி மார்க்கெட்டிலேயே விடுங்கள். அவர்களுக்கு ஒழுகாத கூரையும், கழுவிவிடத் தண்ணீரும், பெண்களுக்குக் கழிப்பறையும் கட்டிக்கொடுங்கள். முடிவெடுக்கும் முன் ஒருமுறை புனேக்கு வந்து பாருங்கள். கசார்வாடியில் தங்கலாம். மண்டயிக்கு நானே கூட்டிப்போகிறேன்.